வெல்டன் எண்ணிய சாலை

வெல்டன் கிட்ரோவின் மடியில் இரண்டு அலுமினியப் பாத்திரங்கள் இருந்தன. இடது பாத்திரம் நிறையக் காய்ந்த வெள்ளை பீன்ஸ் கொட்டை. தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு வண்டி கடந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து வலது பாத்திரத்தில் போடுவார். சொத்தையோ கல்லோ விரலில் தட்டுப்பட்டால் அதைப் புல்லில் எறிந்துவிட்டு வேறொன்றை எடுப்பார். கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் முப்பத்தொரு வருடம் நூற்றிருபது பேருக்குச் சமைத்த கைகள். ஒரு வேலைக்குள் இன்னொரு வேலையைச் செருகாமல் இருக்க அவற்றுக்குத் தெரியாது. எண்ணியதும் ஆயிற்று, பீன்ஸ் பொறுக்கியதும் ஆயிற்று.

காலை ஆறே முக்கால் மணி. முக்குச்சாலையில் இருந்த தகரக் கட்டடத்தின் முன்னால், தன் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். வடக்கிலிருந்து அன்றுதான் முதல் குளிர்காற்று இறங்கியிருந்தது. நான் அவர் வீட்டுக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நெரிசலில் ஊர்ந்து வந்ததில் ஏற்கெனவே நேரமாகியிருந்தது. இருந்தும் ஓரமாக நிறுத்தினேன்.

“எல்டாவ யார் பாத்துக்கறாங்க?”

“தூங்கறா. போன் கையிலயே இருக்கு. பேச்சுக் குடுக்காதீங்க மிஸ் யூலா, ரெண்டு டிரக் போயிடுச்சு.” மூன்று பீன்ஸைப் போட்டார். “மூணாவது நீங்க.”

“நான் உங்க கடையில சாப்பிட மாட்டேன். எனக்கு உப்பு ஆகாது.”

“அப்ப உங்கள எடுத்துடறேன்” என்று ஒன்றைத் திரும்ப எடுத்து இடது பாத்திரத்தில் போட்டார். அதில் நேர்மையான மனிதர்.

எல்டா அவருடைய மனைவி. இருபத்தாறு வருடம் அன்ஸ் நுவார் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். போன ஆண்டு ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். சொற்களுக்கு நடுவே எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை அவளைக் குளிப்பாட்டி, உட்காரவைத்து, நடக்கவைத்து, சாப்பிடவைப்பது என் வேலை. இரண்டு மணிக்கு மேல் என் வேலை நேரம் முடிந்துவிடும். அதன்பின் வெல்டன்தான்.

அதற்காகத்தான் ஏப்ரலில் அவர் கடல் வேலையை விட்டார். பதினாலு நாள் மேடையில், பதினாலு நாள் வீட்டில் என்று போன வாழ்க்கை அது. விட்டாரே தவிர, அறுபத்தொரு வயதில் சும்மா உட்கார்ந்திருக்க வசதி இல்லை. ஊரில் எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் நினைத்தார்: மதியச் சாப்பாட்டுக் கடை. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சாப்பாடுதான். சோறு, குழம்பு, வெங்காயத்தில் மெதுவாக வெந்த பன்றி இறைச்சி, வெள்ளிக்கிழமைகளில் இறால். பத்தரைக்குத் திறந்து ஒன்றரைக்கு மூடினால், நான் கிளம்பும்போது அவர் வீட்டில் இருப்பார். கடை ஓடவில்லை என்றால் மறுபடி மேடைக்குப் போக வேண்டியதுதான். அவர் போனால் எல்டா அப்பவில் என்ற பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குப் போவாள். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள், அவளுக்கு மூன்று பிள்ளைகள். இதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு இடங்கள் பார்த்திருந்தார். ஒன்று இந்தத் தகரக் கட்டடம். எல்டாவின் அண்ணன் மகன் ரஸ்டியுடையது. பெரியது, புதியது. வீட்டிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். இன்னொன்று ஊருக்குள் டயாலிசிஸ் மையத்துக்கு எதிரே மூடிக்கிடக்கும் டோனட் கடை. சின்னது. அடுப்பும் புகைபோக்கியும் ஏற்கெனவே உண்டு. நான்கு நிமிடத்தில் வீடு. அதை அவர் இரண்டு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை.

“நோயாளிங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவன் சாப்பிடுவான்?” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு வலது பாத்திரத்தோடு வீட்டுக்குள் வந்தார். எல்டா சக்கர நாற்காலியில், சமையலறை மேசை முன்னால் இருந்தாள். நான் அவளுக்குக் கம்போ குழம்பைச் சோற்றோடு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெல்டன் பாத்திரத்தை அவள் முன்னால் வைத்து, வைரக்கல்லைக் காட்டுவதுபோல் மூடியைத் திறந்தார்.

“நானூத்தி முப்பத்தொண்ணு. ஆறு மணிலேர்ந்து பன்னண்டு வரைக்கும். நல்லாப் பாரு.”

எல்டா இடது கையால் ஒரு பீன்ஸை எடுத்துப் பார்த்தாள். “இது... யாரு?”

“என்ன யாரு?”

“இது... ரஸ்டி... மாதிரி இருக்கு. தலை... பெரிசு.”

வெல்டன் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினார். “ஒரு தடவ எண்ணினா தற்செயல்னு சொல்லுவீங்க. அதான் ரெண்டு தடவ எண்ணினேன். பதினாலு நாள் விட்டு. அன்னிக்கு நானூத்திப் பன்னண்டு, இன்னிக்கு நானூத்தி முப்பத்தொண்ணு. கூடியிருக்கு, குறையல. புதன்கிழம பத்து மணிக்கு நோட்டரிகிட்டப் போயி ரஸ்டி பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்.”

நான் சீட்டைப் பார்த்தேன். அக்டோபர் 9, அக்டோபர் 23. சீட்டுக்குப் பக்கத்தில் சவ அடக்க நிலையம் வருடாவருடம் இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டி தொங்கியது. அதில் 9-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். 23-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேடையில் ஆள் மாறும் வியாழன்கள் அவை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் எல்டா உட்கார்ந்து வருடம் முழுதுக்கும் வட்டம் போட்டுவிடுவாள். இந்த வருடத்து வட்டங்கள் இடது கையால் போட்டவை. கோணலாக இருந்தன.

எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஆள் மாறும் வியாழனன்று பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று தெற்கே குடியிருக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹெலிகாப்டர் தளத்துக்குப் போகிறவர்களும், அங்கிருந்து வீடு திரும்புகிறவர்களும் அன்று ஒரே சாலையில் இருப்பார்கள். இரண்டு தடவை அந்த நெரிசலில் அவரைக் கடந்து வந்தேன். கடல் வேலை பார்த்தவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருக்குத்தான் தெரியாது. வேறு எந்த நாளில் அந்தச் சாலையில் அவர் போயிருக்கிறார்? முடி வெட்டுவதுகூடப் பதினாலு நாளைக்கு ஒரு முறை என்று உடம்பில் ஊறிப்போன மனிதர்.

திரும்பி எல்டாவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெல்டன்” என்றாள். “அந்த... ரோடு...”

“ஆமா ஷா, நல்ல ரோடு. அதான் சொல்றேன்.” ஷா என்று அவளைச் செல்லமாகக் கூப்பிடுவார். தலையை ஆட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.

“வி...”

“விசாலமான இடம். ஆமா ஆமா.”

பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்வார்கள். வார்த்தை வராமல் அவள் தவிக்கக் கூடாது என்று, அவளுக்கு முன்னால் ஓடிப்போய்த் தாங்களே ஒரு வார்த்தையைப் பிடித்து அவள் வாயில் வைத்துவிடுவார்கள். தப்பான வார்த்தையாக இருந்தாலும் சரி.

“வெல்டன், வாய மூடுங்க” என்றேன். “அடுப்ப விட்டுட்டு உக்காருங்க. அவங்க முடிக்கட்டும்.”

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். எல்டா மூச்சை இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

“வியாழன்... மட்டுந்தான்... அந்த ரோட்டுல... ஆளு. நான்... இருபத்தாறு வருஷம்... பஸ் ஓட்டினேன். மத்த நாளு... நாய் படுத்துக் கிடக்கும். நடு ரோட்டுல.”

வெல்டன் நாள்காட்டியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி நாள்காட்டியைப் பார்த்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்” என்றாள். “மூணு... தடவ. தலையாட்டின.”

அவர் எழுந்து வெளியே போனார். பின்கதவு படாரென்று சாத்தியது. கொல்லையில் புல்வெட்டும் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் புல் வெட்டியிருந்தார்.

எல்டா ஸ்பூனைக் காட்டினாள். மிச்சக் குழம்பையும் சாப்பிட்டு முடித்தாள். அந்த வாரத்திலேயே நன்றாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளி, சனி, ஞாயிறு அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை எண்ணிய பீன்ஸோடு மூட்டையில் இருந்ததையும் சேர்த்து ஊறப்போட்டுப் பன்றிக் கறியோடு வேகவைத்தார். நாற்பது பேருக்குக் காணும். அந்த அளவுக்குக் கீழே அவருக்குச் சமைக்க வராது. அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்.

ரஸ்டி வந்து ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, “மாமா, இந்த ருசிக்கு நீங்க கடலுக்கு நடுவுல கட போட்டாக்கூட ஜனம் வரும். புதன்கிழம மறந்துடாதீங்க. அத்தை, நீங்க சொல்லுங்க” என்றான்.

அத்தை சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் டிரக்கில் ஏறிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முக்குச்சாலையில் வெல்டன் டிரக் நின்றிருந்தது. நான் நிறுத்தவில்லை. ஹார்ன் மட்டும் அடித்தேன். அவர் ஒரு பீன்ஸை உயர்த்திக் காட்டிவிட்டு, இடது பாத்திரத்திலேயே திரும்பப் போட்டார்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தார். கையில் பாத்திரம் இல்லை. சட்டைப் பையிலிருந்து பீன்ஸை எடுத்து மேசையில் கொட்டினார்.

“அம்பத்தெட்டு. அதுல நாலு ஒரே அரிசி லாரி. ஒண்ணு ஃபாதர். வழி தெரியாம சுத்தினவன் ஒருத்தன், ரெண்டு தடவ வந்தான்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நாயும் படுத்திருந்துச்சு. கறுப்பு நாய்.”

“நான் பாத்தது... கறுப்பு... இல்ல” என்றாள் எல்டா. “அதோட... பேத்தியா... இருக்கும்.”

அவர் அந்தப் பீன்ஸை விரலால் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார்.

“முப்பத்தொரு வருஷம் அந்த முக்கத் தாண்டி வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் வண்டி வண்டியா ஜனம். இங்க மட்டும் ஒரு கட இருந்தா எப்படி ஓடும்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சிருக்கேன். அங்க மேடையில உருளக்கெழங்கு உரிக்கிறப்பல்லாம் அந்தக் கடையத்தான் கட்டிக்கிட்டிருந்தேன். அடுப்பு எங்க, ஜன்னல் எங்கன்னு. அந்த ரோடு எப்பவும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

எல்டா அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். அவளுக்கு அது பழக்கம்தான்.

“வியாழக்கிழம... வர்றவன்... நிப்பானா?”

“ஏன் நிக்கமாட்டான்? பதினாலு நாளு பொண்டாட்டி கைச் சாப்பாடு இல்லாம...” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நீ... எங்கயாவது... நின்னியா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். முப்பத்தொரு வருட வியாழன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொத்தை பார்ப்பதுபோல. “டீசலுக்கு” என்றார் கடைசியில். “ரெண்டு தடவ. ஒரு தடவ டயர் வெடிச்சுது.”

“சாப்பிட?”

“இல்ல ஷா. நேரா வீட்டுக்குத்தான்.”

அப்படியானால் அந்த நானூற்றுச் சொச்சமும் பூஜ்யம்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவன் எவனும் வழியில் சாப்பிட நிற்பதில்லை. அவரும் நின்றதில்லை. நான் எழுந்து அவருக்குக் காப்பி ஊற்றினேன். அவர் போடும் காப்பி தார் மாதிரி இருக்கும். அன்றைக்கு நான் போட்டது.

“அப்ப கடலுக்கே போறேன்” என்றார். “கிறிஸ்மஸ் வரைக்கும் இடம் வச்சிருக்கேன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான்.”

எல்டாவின் இடது கை மேசை விளிம்பைப் பிடித்தது. எனக்கு இந்த மாதிரி நேரங்களில் தட்டிக்கொடுக்கத் தெரியாது. தெரிந்ததைச் சொல்வேன்.

“இங்க வர்றதுக்கு முன்னால ரெண்டு வருஷம் லாஸ்ட்டி ஆர்சனோவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்றேன். “திங்கள், புதன், வெள்ளி. உள்ள போனா நாலு மணி நேரம். நாம உள்ள இருக்க முடியாது. வண்டியிலதான் உக்காந்திருக்கணும். என்ன மாதிரி இருபது பேரு, இருபத்தஞ்சு பேரு. பொண்டாட்டி, புருஷன், மக, மருமக. அடுத்த நாள் வேற இருபது பேரு. பெட்ரோல் பங்குல பிஸ்கட் வாங்கித் தின்னுக்கிட்டு உக்காந்திருப்போம். ரெண்டு வருஷத்துல எனக்கு நாலு கிலோ எறங்குச்சு. எதிர்ல டோனட் கட இருந்துச்சு. ஆனா காலைல ஒம்பது மணிக்கே மூடிடுவான். அவன் கட போனது ஜனம் இல்லாம இல்ல, ஜனம் பசிச்சு உக்காந்திருந்த நேரத்துல அவன் தூங்கினதால.”

“அவங்க நோயாளிங்க. நம்ம உப்பு, நம்ம மொளகா...”

“உள்ள இருக்கறவங்கதான் நோயாளி. சாப்பிடப் போறது வெளிய இருக்கறவங்க. அவங்களுக்கு ஒரு நோயும் இல்ல, பசிதான்.”

எல்டாவின் வாய் அசைந்தது. வெல்டன் எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

“டோனட் கடையில... சரக்கு... உள்ள போற... பின்கதவு” என்றாள் எல்டா. “என் நாற்காலி... போகுமா?”

அதுவரை அவர் நினைத்துப் பார்க்காதது இதுதான். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் கடையாகத்தான் இரண்டு இடங்களையும் அவர் பார்த்திருந்தார். முக்குச்சாலைக் கட்டடம் லாரி ஏற்றும் மேடையோடு நான்கடி உயரத்தில் இருந்தது. அங்கே எல்டா ஏறுகிற பேச்சே இல்லை.

“நீ வந்து என்ன பண்ணப்போற?” என்றார்.

“கல்லாவுல... உக்காருவேன். ஒரு கை... போதும்.”

“சாப்பிட வர்றவனத் திட்டுவ.”

“ஆமா” என்றாள். அந்தச் சொல் மட்டும் தடங்கலின்றி வந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே வெல்டன் ரஸ்டி வீட்டுக்குப் போய்த் தகரக் கட்டடத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். ரஸ்டி கோபப்படவில்லை, குழம்பிப்போனானாம். “மாமா, நீங்களே எண்ணினீங்களே?” என்றிருக்கிறான். “எண்ணினேன். நிக்கறவன எண்ணல” என்று சொன்னாராம்.

டோனட் கடைச் சாவியை அடுத்த கடைக்காரி வைத்திருந்தாள். எல்டாவை டிரக்கின் முன்சீட்டில் உட்காரவைத்து, நாற்காலியைப் பின்னால் கட்டி, ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் அளவு நாடா எடுத்துப் போயிருந்தேன். பின்கதவு முப்பத்திரண்டு அங்குலம். நாற்காலி இருபத்தாறு. கை முட்டிக்கு இடம் விட்டாலும் போகும். ஒரே ஒரு படி, ஏழு அங்குல உயரம். ஏழு அங்குலத்துக்கு ஏழடி நீளச் சரிவு வேண்டும், குறைந்தால் தள்ளுகிறவள் இடுப்பு போய்விடும் என்றேன். வெல்டன் டிரக்கிலிருந்து பலகையை இறக்கி, அளந்து, அறுத்து, செங்கல் முட்டுக் கொடுத்தார். காலி நாற்காலியை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். மூன்றாம் தடவை எல்டாவோடு.

உள்ளே தூசி. பழைய சர்க்கரை நாற்றம். எல்டாவை நாற்காலியோடு கல்லாப் பலகைக்குப் பின்னால் நிறுத்தினேன். ஜன்னல் வழியே எதிரே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. டிரக்குகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு பெரியவர் தகரடப்பாவிலிருந்து எதையோ கத்தியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். எல்டா உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெல்டன் புகைபோக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கை இரண்டும் கறுப்பு எண்ணெய்.

“எத்தன?”

“இருபத்தி... மூணு. வெல்டன், இந்தப் பலக...”

வெல்டன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எதிரே யாரோ டிரக் கதவைத் திறந்து மூடினார்கள். அவர் திரும்பவில்லை.

“இந்தப் பலக... உசரம். என் தல... மட்டுந்தான்... தெரியும்.”

“எவ்வளவு எறக்கணும்?”

அவள் இடது கையைத் தூக்கி, தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினாள். நான் நாடாவைப் பிடித்தேன். பதினோரு அங்குலம். வெல்டன் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ரம்பம் எடுக்க டிரக்குக்குப் போனார்.